வெள்ளவத்தை வீரரைக் காணவில்லை

கொட்டாஞ்சேனை
10-4-1942

மகா வீரராகிய அத்தானுக்கு,

உயிரும் உடைமையும் சேதமில்லாமல் ஊர்போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நானும் என் அச்சியந்திரமும் இங்கே முழுதாக இருக்கிறோம்.

ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பான்காரன் வந்து போனான். மாதா கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. சனம் வெள்ளைக்காரனின் விமானம் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தது. பிறகு துறைமுகப் பக்கம் புகை கிளம்பியது. அதற்குப் பிறகு அண்ணாந்து பார்க்க ஒருவரும் நிற்கவில்லை. திங்கட்கிழமை கோட்டை ஸ்ரேசனில் யன்னலால் ஏறியவர்களில் பாதிப் பேர் என் சந்தாதாரர்கள்.

செவ்வாய்க்கிழமை உங்களைப் பார்க்க வெள்ளவத்தைக்கு வந்தேன். கேற்றில் பூட்டு. பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா “மஹத்தயா யாப்பனே கியா” என்று கையை வடக்கே காட்டினா. ஐயா யாழ்ப்பாணம் போய்விட்டாராம். எட்டிப் பார்த்தேன். வராந்தா ஆணியில், விமானத் தாக்குதல் காவலுக்கென்று உங்களுக்குத் தந்த ஏ. ஆர். பி. வார்டன் இரும்புத் தொப்பி தொங்குகிறது. “கடைசிக் குடிமகன் வெளியேறும்வரை இந்தத் தலை இந்தத் தொப்பியின் கீழே இருக்கும்” என்று தை மாதம் சந்தையடியில் முழங்கினீர்களே, மறந்துவிட்டீர்களா? நான்தானே அதை என் மாசிகை “பட்டணக் கண்ணாடி”யில் போட்டேன்! தொப்பி தன் கடமையைச் செய்கிறது. தலையைத்தான் காணோம்.

சித்திரை இதழ் பதினைந்தாம் திகதி வழக்கம்போல வரும். அதில் உங்களுக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறேன்.

அக்காவை அந்த நெரிசலில் எப்படித்தான் ஏற்றினீர்களோ! அவவை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

பட்டணத்தை விட்டோடாத
யோகநாதன்


சிவமயம்

கோண்டாவில்
3-5-1942

தம்பி யோகநாதனுக்கு,

இறைவன் அருளால் இங்கு குறை ஒன்றும் இல்லை. உனக்கும் அவ்வண்ணமே ஆகுக.

உன் இதழ் கிடைத்தது. “காணவில்லை. பிரக்கிராசியார் ஸ்ரீஸ்கந்தராசா, வெள்ளவத்தை வார்டன். கடைசியாகக் காணப்பட்டபோது வீரவுரை ஆற்றிக்கொண்டிருந்தார். கண்டெடுப்பவர்கள் திருப்பி அனுப்ப வேண்டாம், தொப்பியே போதும்.” இதற்காக உன்மேல் மானநஷ்ட வழக்கு வைக்கலாம். வைக்க மாட்டேன். வைத்தால் உன்னுடையதும் ஒரு பத்திரிகைதான் என்று கோட்டில் ஒப்புக்கொள்ள நேரும்.

இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறாய். எதை? கொட்டாஞ்சேனைச் சாக்கடைக் கான் அடைத்துக்கொண்டது, ஜிந்துப்பிட்டிப் பைப்பில் தண்ணீர் வரவில்லை, வெள்ளவத்தை வாய்க்கால் நாறுகிறது. நாறுவது எல்லோருக்கும் மூக்கிலேயே தெரியும். அதற்கு ஒரு மாசிகை எதற்கு? உன் வயதுக்காரன் ஒவ்வொருவனும் பென்சன் எடுக்கப் போகிறான். நீ ஈய எழுத்துக்களை மேய்த்துக்கொண்டு திரிகிறாய்.

உன் அக்கா பிரயாணக் களைப்பில் இருக்கிறாள். பிறகு எழுதுவாள்.

வைகாசி இதழைத் தாமதமில்லாமல் அனுப்பு. என்னைப்பற்றி மேற்கொண்டு என்ன பொய் எழுதுகிறாய் என்று நான் சட்டப்படி அறிந்திருக்க வேண்டும்.

உன் நன்மையை நாடும்
ஸ்ரீஸ்கந்தராசா


கொட்டாஞ்சேனை
12-5-1942

சட்டத்தரசராகிய அத்தானுக்கு,

நலம். உங்கள் கடிதத்தைக் கண்டபின் இன்னும் நலம்.

ஜிந்துப்பிட்டித் தேநீர்க்கடையில் “காணவில்லை”யைச் சத்தமாக வாசித்துச் சிரிக்கிறார்கள். எழுத்துக் கோக்கும் எங்கள் றேமண்ட், இனி மாதாமாதம் உங்களைத் தேட வேண்டும் என்கிறான். தேடுவோம்.

இந்த மாசிகை எதற்கு என்று கேட்டீர்கள். சொல்கிறேன். நம்மவர்கள் கடிதத் தலைப்பில் எப்படி விலாசம் எழுதுவார்கள்? “கோண்டாவில், தற்போது கொழும்பு.” முப்பது வருடம் இங்கே உத்தியோகம் பார்ப்பார்கள். பிள்ளை பெறுவார்கள், பேரப்பிள்ளையும் காண்பார்கள். அப்போதும் “தற்போது கொழும்பு”தான். வாய்க்கால் நாறினால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். தங்கள் வாய்க்கால் இல்லையே! ஒரு குண்டு விழுந்தது, “தற்போது” முடிந்தது. மூட்டையைக் கட்டிவிட்டார்கள்.

எனக்கு இது தற்போது இல்லை. கிளாக்கர் வேலையை விட்டு அச்சியந்திரம் வாங்கிய நாளிலிருந்து இதுதான் என் ஊர். தன் ஊரின் கான் அடைத்தால் மனிதன் சத்தம் போடுவான். அந்தச் சத்தத்துக்குப் பெயர்தான் “பட்டணக் கண்ணாடி”. வாடகை வீட்டு மனிதர்களுக்கு அது விளங்காது.

பிரயாணக் களைப்பு ஒரு மாதத்துக்கு நீளுமா? அக்காவுக்குக் கை ஓயவில்லையென்றால் அருந்ததி எழுதலாமே. பள்ளிக்கூடத்தில் ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்கும் உங்கள் மகளுக்கு மாமனுக்கு ஒரு தபால் காட் எழுதத் தெரியாதா?

தங்களைத் தேடும்
யோகநாதன்


சிவமயம்

கோண்டாவில்
16-6-1942

தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். நீயும் இருப்பாய் என எண்ணுகிறேன்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. உடனே பதில் எழுதத்தக்க கடிதம் அல்ல அது. வாடகை வீடு, சொந்த வீடு என்று பேச உனக்கு வீடே இல்லை. அச்சியந்திரத்துக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பவன் நீ.

வைகாசி இதழ் இந்த ஊர்ச் சவரக்கடைவரை வந்துவிட்டது. நான் போனால் வாசிப்பு நின்றுவிடுகிறது. கோயில் வீதியில் ஒரு பொடியன் “வார்டன் ஐயா, பிளேன் வருது!” என்று கத்தினான். இதுதான் உன் இருபத்திரண்டு வருடப் பயிரின் விளைச்சல்.

இங்கே குளுக்கோஸ் கிடைக்கவில்லை. கொழும்பில் இருந்தால் இரண்டு ரின் அனுப்பு. என் கட்சிக்காரர் ஒருவருக்கு வேண்டும்.

ஆனி இதழைத் தபாலில் சேர்த்தாயா? இன்னும் வரவில்லை. சோம்பேறி ஆகிவிட்டாயா?

ஸ்ரீஸ்கந்தராசா


கொட்டாஞ்சேனை
22-6-1942

அத்தானுக்கு,

சுகம் கேட்டதற்கு நன்றி. நீங்கள் கேட்கவில்லை என்றாலும்.

இதழ் பிந்தியது காகிதத்தால். கடதாசிக்காரர் ஒருவரிடமும் ஒரு தாள் இல்லை. கடைசியில் கொம்பனித்தெரு ஸவாஹிர் நானா, பலகாரம் சுற்றுவதற்கு வைத்திருந்த ரோஸ் கடதாசியைக் கொடுத்துதவினார். “யோகநாதன், படிக்க ஆளில்லாத ஊருல யாருக்கு அடிக்கிறீங்க?” என்று கேட்டார். “நிக்கிற ஆக்களுக்கு” என்றேன். அவரும் நிற்கிறார் அல்லவா, சிரித்துக்கொண்டே கடதாசிக் கட்டை எடுத்துத் தந்தார்.

குளுக்கோஸ் இரண்டு ரின் கொழும்பெல்லாம் அலைந்து வாங்கி அனுப்பியிருக்கிறேன். கட்சிக்காரருக்காம்! ரோஸ் இதழின் நாலாம் பக்கத்தைப் பாருங்கள்: “காணாமற்போன வார்டன், ஓடிய களை தீரக் குளுக்கோஸ் குடிப்பதாக நம்பகமான தகவல். இன்னுமொரு குண்டு விழுந்தால் பருத்தித்துறைக் கடல்வரை ஓடுவதற்கு அவர் தேகம் இப்போது தயார்.”

நேற்று வெள்ளவத்தையில் நடந்தேன். காலி வீதியில் கடைக்குக் கடை பலகை அடித்திருக்கிறது. உங்கள் முற்றத்தில் யாருடைய மாடோ நின்று மேய்கிறது. வார்டனைவிடப் பொறுப்பாக நின்றது. அக்கா அதைக் கண்டால் என்ன சொல்லுவா என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா ஏன் எழுதுகிறா இல்லை? அவவும் உங்களோடு சேர்ந்து என்மேல் கோபமா?

யோகநாதன்


சிவமயம்

கோண்டாவில்
27-7-1942

தம்பிக்கு,

ரின்கள் வந்தன. ரோஸ் இதழும் ஆடி இதழும் வந்தன.

குளுக்கோஸ் வரி பரவாயில்லை. ஆடி மாதத்து “காணவில்லை” சோம்பல் எழுத்து. ஒரே பகிடியைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறாய். நையாண்டி செய்கிறவன் முதலில் உழைக்க வேண்டும். எழுத்தும் வரவர மங்குகிறது. விளக்கு வெளிச்சத்தில் வாசிக்க முடியவில்லை.

ஆவணி இதழை முந்தி அனுப்பினால் நல்லது.

ஸ்ரீஸ்கந்தராசா


கோண்டாவில்
4-8-1942

அம்மானுக்கு,

உங்களை நலம் கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

பள்ளிக்கூட விடுதியிலிருந்து கிழமைக்கு ஒருநாள் வீட்டுக்கு வருகிறேன். இன்று வந்த இடத்தில் ஐயாவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. பங்குனி மாதமே கொழும்பில் டொக்டர் சொல்லிவிட்டார். வெட்டிப் பிரயோசனம் இல்லை என்று கையை விரித்துவிட்டார். “அப்ப நான் என்ரை வீட்டிலை போய்க் கிடக்கிறன்” என்று அம்மா சொன்னா. ஐயா திங்கட்கிழமைக்கு ரிக்கற் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை குண்டு விழுந்தது. நீங்கள் யன்னலால் ஏறினார்கள் என்று எழுதிய கூட்டத்துக்குள்தான் ஐயா அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிவிட்டா. “அறிஞ்சால் அவன் அச்சுக்கூடத்தைப் பூட்டிப்போட்டு என்ரை கட்டிலடியிலை வந்து குந்திவிடுவான். ஒருத்தரும் இல்லாத பட்டணத்திலை அந்தப் பேப்பராவது வரட்டும்” என்றா.

குளுக்கோஸ் அம்மாவுக்கு. அதைத்தான் நீங்கள் அச்சடித்தீர்கள்.

ஐயா இப்போது சவரக்கடைக்குப் போவதில்லை. கோயிலுக்கும் போவதில்லை. ஒருவருக்கும் ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லவில்லை. ஆறு பக்கம் அடிக்க யந்திரம் இருக்கிறதென்றால் எவரையும் எதுவும் எழுதலாமா? உங்களைப் பெரிய எழுத்துக்காரர் என்று நினைத்திருந்தேன். தெருவில் கல்லெறிகிற பொடியனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

இனியாவது நிற்பாட்டுங்கள்.

அருந்ததி


கொட்டாஞ்சேனை
9-8-1942

அன்புள்ள அத்தானுக்கு,

அருந்ததி எழுதினாள். அவளைக் கோபிக்க வேண்டாம்.

இதை எழுதத் தொடங்கி மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். ஆவணி இதழில் அந்த மூலையை எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் அடுப்பு விளம்பரம் போடச் சொல்லிவிட்டேன். அந்தக் குளுக்கோஸ் வரிக்காக என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்கூடத்தைப் பூட்டிவிட்டு வருகிறேன். ஒரு வார்த்தை எழுதுங்கள், அடுத்த ரயிலில் ஏறுகிறேன். இந்தப் பத்திரிகை போதும்.

அக்காவுக்கு வலி இருக்கிறதா? என்ன சாப்பிடுகிறா?

யோகன்


சிவமயம்

கோண்டாவில்
23-8-1942

மடையா,

உன்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னது யார்?

நீ நினைப்பதுபோல உன் இதழை நான் வழக்குக்காகக் கேட்கவில்லை. உன் அக்காவுக்கு நான் வாசிக்கிறேன். சித்திரையிலிருந்து வாசிக்கிறேன். பகலில் அவளுக்கு வலி. விளக்கு வைக்கிற நேரம் கொஞ்சம் தணியும். அப்போது கட்டிலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, முதலாம் பக்கத்திலிருந்து உன் கான், பைப், குப்பை எல்லாவற்றையும் வாசிப்பேன். அதைப்போல உப்புச்சப்பில்லாத வேலை நான் கோட்டிலும் பார்த்ததில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, “அந்தத் தெருவிலை இப்பவும் பைப் இல்லையே?” என்பாள். பிறகு “காணவில்லை”. என்னைப்பற்றி நீ எழுதிய அவதூற்றை நானே என் வாயால் வாசிப்பேன். அவள் சிரிப்பாள். தொப்பி வரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்தது. ஒரு கிழமைக்கு என்னை “வார்டன் ஐயா, தண்ணி தாருங்கோ” என்றாள். ஆடி மாதம் நீ சோம்பலாக எழுதினாய். அவள் சிரிக்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதினேன்.

இந்த மாதம் அந்த இடத்தில் அடுப்பு விளம்பரம்! “எங்கை என்ரை வார்டன்?” என்று கேட்கிறாள். நான் என்ன செய்வேன்? விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நானாக ஒன்றைக் கட்டிச் சொன்னேன். வார்டன் கிணற்றுக்குள் ஒளித்தாராம், தவளை பிடித்துக் கொடுத்ததாம். எனக்கு வருமா அது? அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தம்பிக்கு இந்த மாசம் கை சரியில்லை” என்றாள்.

சவரக்கடையில் சிரிப்பது எனக்குப் பெரிதல்ல. அருந்ததி சின்னப்பிள்ளை, அவளுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் வருகிற நாளில் நான் வாசிப்பதில்லை. மகளுக்கு முன்னால் எனக்கும் ஒரு மானம் உண்டு.

வராதே. நீ வந்தால் தன் கணக்கு முடிந்தது என்று அவள் அறிந்துகொள்வாள். ஊரையெல்லாம் பழித்து எழுதிப் பழகியவன்தானே? எனக்கு ஒன்றும் இரங்காமல் எழுது.

ஸ்ரீஸ்கந்தராசா


கொட்டாஞ்சேனை
14-9-1942

அத்தானுக்கு,

பணிந்த வணக்கம். வலி தணிந்திருக்கட்டும்.

புரட்டாதி இதழ் இத்துடன் வருகிறது. எட்டுத் தரம் எழுதினேன். றேமண்ட் எழுத்தைக் கோத்துக்கொண்டே, “ஐயா, இது சிரிப்பா அழுகையா எண்டு எனக்கு விளங்கேல்லை” என்றான். பேசாமல் கோ என்றேன். நாலாம் பக்கம்:

“இன்னும் காணவில்லை. வெள்ளவத்தை வார்டன் இப்போது பனைமரத்து உச்சியில் நின்று ஜப்பானியரைக் காவல் காக்கிறார். இறங்கும்படி ஊர் கேட்டது. ஜப்பான்காரன் முதலில் சரணடையட்டும் என்கிறார். நேற்று அவர் எதிரி விமானமென்று கத்தியது ஒரு வௌவாலைப் பார்த்து. வௌவால் மானநஷ்ட வழக்கு வைக்க யோசிக்கிறது. ஆனால் அந்த ஊரிலே உள்ள ஒரே பிரக்கிராசியார் மரத்தில் இருக்கிறார். வார்டனைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அவருடைய மனைவியாரை மாத்திரம் அனுப்பிவைக்கவும். பட்டணம் பார்த்துக்கொண்டிருக்கிறது.”

எப்படிக் கேட்டா என்று எழுதுங்கள்.

யோகன்


சிவமயம்

கோண்டாவில்
24-9-1942

யோகநாதனுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை.

நேற்று வாசித்தேன். பனைமரத்துக்குப் புன்னகை. வௌவாலுக்குச் சிரித்தாள். நல்லாய்ச் சிரித்தாள். இருமல் வந்து நான் தண்ணீர் பருக்க வேண்டியிருந்தது. பிறகு கடைசி வரி. கையைத் தூக்கினாள்.

“அதைத் திரும்ப வாசியுங்கோ.”

வாசித்தேன்.

“பார்த்துக்கொண்டிருக்கிறது எண்டு அவன் எழுதமாட்டான். ஆர் அவனுக்குச் சொன்னது?”

கோட்டில் முப்பது வருடம் எத்தனையோ பேரைக் குறுக்கு விசாரணை செய்தவன் நான். அந்தக் கேள்விக்கு நான் இதழைத்தான் மடித்தேன். அவள் முகட்டைப் பார்த்தாள். “சரி, வரச்சொல்லுங்கோ. இதழை முடிச்சுப்போட்டு வரச்சொல்லுங்கோ. அரைகுறையிலை விட்டிட்டு வந்தால் நான் கதைக்கமாட்டன்” என்றாள்.

இரங்காதே என்று ஒரே ஒரு வேலை சொன்னேன். அதுகூட உன்னால் முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் மனிதரை இகழ்ந்து எழுதிவிட்டு, இகழ வேண்டிய நேரத்தில் இளகிப்போனாய்.

ஐப்பசி இதழ் நாசமாய்ப் போகட்டும். உடனே வா. ஆனால் அவளிடம் முடித்துவிட்டேன் என்று சொல்.

ஸ்ரீஸ்கந்தராசா


கோண்டாவில்
5-10-1942

அன்புள்ள றேமண்டுக்கு,

உனக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மட்டக்குளியில் அரிசி கிடைக்கிறதா?

அக்கா வியாழக்கிழமை காலமானா.

நான் திங்கட்கிழமை வந்து சேர்ந்தேன். கட்டிலில் போர்வைதான் தெரிந்தது. என்னைக் கண்டதும், “இதழை முடிச்சனியோ?” என்று கேட்டா. “ஓம் அக்கா, முடிச்சனான்” என்றேன். “கொண்டா பாப்பம்” என்றா. அதை நான் யோசிக்கவில்லை. கட்டு ரயிலில் தவறிவிட்டது என்றேன்.

அத்தான் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, “ஒரு ஆள் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் இதழ். அதைக் கொண்டுபோய் ரயிலிலை விட்டிருக்கிறான்” என்றார்.

“அப்ப வாயாலை சொல்லு. ஒண்டும் விடாமல் சொல்லு” என்றா அக்கா.

சொன்னேன். முதலாம் பக்கத்தில் கூப்பன் அரிசிக் கல். இரண்டாம் பக்கத்தில், பாமன்கடைப் பாலத்தடியில் பதுங்குகுழி வெட்டிவிட்டு அதற்குள் தண்ணீர் நின்றதும் நுளம்பு வளர்க்கும் உத்தியோகத்தர். மூன்றாம் பக்கத்தில், ஊருக்கு ஓடிப்போய் மூன்று மாதத்தில் தேங்காய்ச் சம்பல் அலுத்து, பேக்கரிப் பாணுக்காகத் திரும்பிவரும் வெள்ளவத்தைக் கனவான்கள். எல்லாம் அந்தக் கணம் வாயில் வந்தவை. நடுவில் அத்தான், “அச்சுப்பிழையையும் சேர்த்துச் சொல்லு, அப்பதான் உன்ரை பேப்பர் எண்டு நம்பலாம்” என்றார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. நோகிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தா. நாலாம் பக்கத்தில் வார்டன் மரத்திலிருந்து இறங்க மறுத்து அங்கேயே வழக்குக் கந்தோர் திறந்துவிட்டார். வாசலில் நின்ற அருந்ததி முதலில் என்னை முறைத்தாள். வௌவால் கட்சிக்காரராக வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஐந்தாம் பக்கத்தின் பாதியில் அக்கா நித்திரையாகிவிட்டா. அதற்குப் பிறகு சரியாகக் கதைக்கவில்லை.

நான் சொன்னதையெல்லாம் மறக்குமுன் எழுதி இத்துடன் அனுப்புகிறேன். கோக்கத் தொடங்கு. மரணச் செய்தி போடாதே. கறுப்புக் கோடு போடாதே. அவ கேட்டது இந்த இதழ். பிந்தினாலும் இது அப்படியே வர வேண்டும். ஸவாஹிர் நானாவிடம் எந்த நிறத்தில் கடதாசி இருந்தாலும் வாங்கு.

அத்தான் மூன்றாம் பக்கத்தை வாசித்துவிட்டு, பாண் கனவான்கள் விஷயம் சட்டப்படி ஆபத்து, இலக்கணப்படி அதைவிட ஆபத்து என்கிறார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் கொழும்புக்கு வருவாராம். முற்றத்து மாட்டின்மேல் வழக்கு இருக்கிறதாம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்ததும் நான் புறப்படுவேன். ஐந்தாம் பக்கத்தின் மிச்சத்துக்கும் ஆறாம் பக்கத்துக்கும் இன்னும் ஒன்றும் யோசிக்கவில்லை. வந்து எழுதுகிறேன்.

யோகநாதன்